எஸ்டிமேட்டில் இருக்கிற முட்டு, பள்ளத்தில் எங்கே?

ஆழப் பள்ளத்தில் இறங்கி வேலை செய்கிற ஆள் உயிரோடு மேலே ஏற வேண்டும் என்பதற்கு எஸ்டிமேட்டிலேயே பணம் போட்டிருக்கிறது. அந்தப் பணம் பள்ளம் வரைக்கும் போய்ச் சேருவதே இல்லை. எனக்கு வயிறு எரிவது இதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் பொதுப்பணித் துறை முறையில் போட்ட எஸ்டிமேட்டை எடுத்துப் பாருங்கள். மண் தோண்டும் அயிட்டத்திலேயே, தேவைப்படும் இடத்தில் பக்கங்களுக்கு முட்டுக் கொடுப்பது, ஊறுகிற தண்ணீரை இறைப்பது, கடைசியில் மண்ணைத் தள்ளி மூடுவது எல்லாம் சேர்த்துத்தான் கன மீட்டருக்கு இவ்வளவு என்று விலை இருக்கும். டெண்டர் புத்தகத்தின் பின்பக்கங்களைப் புரட்டினால் பாதுகாப்பு விதிகள் வரும். பள்ளம் ஐந்தடி ஆழம் போனால் பக்கங்களைச் சரிவாகவோ படிபடியாகவோ வெட்ட வேண்டும், இல்லையென்றால் பலகை அடித்து முட்டுக் கொடுக்க வேண்டும். நாலடி ஆழத்துக்கே ஏணி வேண்டும், நூறு அடி நீளத்துக்கு ஒன்று. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஐந்தடியோ, ஆழத்தில் பாதியோ, எது அதிகமோ அவ்வளவு தள்ளிப் போட வேண்டும். அடியைக் குடைந்து வெட்டவே கூடாது. பள்ளம் தோண்டும் வேலையின் பாதுகாப்புக்கென்றே ஐ.எஸ். 3764 என்று ஓர் இந்தியத் தர விதி இருக்கிறது. அதுவும் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் முட்டோ சரிவோ வேண்டும் என்றுதான் சொல்கிறது. இத்தனைக்கும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுத்தான் கான்ட்ராக்டர் வேலையை எடுக்கிறார்.

எங்கள் தெருவில் பாதாள சாக்கடைக்குக் குழாய் பதிக்கிறார்கள். பள்ளம் எட்டடி இருக்கும். அகலம், ஓர் ஆள் நிற்கலாம், குனிந்தால் முதுகு சுவரில் இடிக்கும். உள்ளே ஒருவர் குழாய் மூட்டில் ரப்பர் வளையம் பொருத்திக்கொண்டிருந்தார். மேலிருந்து பார்த்தால் தலையில் கட்டியிருந்த துண்டு மட்டும் தெரிந்தது. ஹெல்மெட் மேலே கடப்பாரையில் மாட்டியிருந்தது. ஏணி கிடையாது, ஜேசிபி பக்கெட்டில் நிற்க வைத்து இறக்கியிருக்கிறார்கள். தோண்டிய மண் மொத்தமும் விளிம்பை ஒட்டி ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, பள்ளத்தோடு கூடவே நீளமாக ஒரு விரிசல் ஓடியது. விரல் நுழையும்.

"மேஸ்திரி, முதல்ல அவரை மேல ஏத்துங்க. விரிசல் விட்டிருக்கு பாருங்க" என்றேன்.

"அஞ்சு நிமிஷம் சார், ஜாயின்ட் போட்டுட்டு ஏறிடுவாரு. காலைல இருந்து நிக்குது இந்த மண்ணு, ஒண்ணும் ஆவாது."

"பலகை, சவுக்குக் கம்பு எதுவும் வரலையா?"

"அதெல்லாம் எங்க ரேட்ல இல்ல சார். எங்களுக்கு மீட்டருக்கு இவ்ளோன்னுதான் பேச்சு."

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. உள்ளே நின்றவர் அவருடைய மச்சானாம்.

காலையிலிருந்து நிற்கிறது என்கிற நம்பிக்கைதான் இந்த வேலையில் ஆளைக் கொல்கிறது. புதிதாக வெட்டிய மண், தன்னிடம் இருக்கிற ஈரத்தின் பிடிப்பில் கொஞ்ச நேரம் செங்குத்தாக நிற்கும். வெயிலில் ஈரம் காய்ந்தாலும் பிடி விடும், மழையில் ஊறினாலும் பிடி விடும். நேரம் போகப் போக அதன் பலம் குறையுமே தவிர அதிகமாகாது. அதிலும் நகரத் தெருவில் அசல் மண் எங்கே இருக்கிறது? தண்ணீர்க் குழாய்க்கு ஒரு தடவை, கேபிளுக்கு ஒரு தடவை, வடிகாலுக்கு ஒரு தடவை தோண்டி, சரியாகக் கெட்டிக்காமல் மூடிய மண்தான் பாதி. பக்கத்தில் ஏதாவது ஒரு பழைய குழாய் கசிந்துகொண்டிருக்கும். பஸ் போனால் அதிரும். விளிம்பில் கிடக்கும் குவியலின் பாரம் வேறு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அது நிற்கும் என்று எந்த தைரியத்தில் ஆளை இறக்குகிறோம்?

விழுகிற மண்ணை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. மண்தானே, தள்ளிவிட்டு எழுந்துவிடலாம் என்ற எண்ணம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை, ஒரு காரைத் தூக்கி மேலே வைத்தது போல. தலை வெளியே இருந்தாலும் மார்பு வரை மூடிவிட்டால் போதும். மூச்சை விடும்போது மண் இன்னும் இறுகும், அடுத்த மூச்சு இழுக்க மார்பு விரியாது. சில நிமிஷத்தில் முடிந்துவிடும். தீயணைப்பு வண்டி அதற்குள் வராது. கூட வேலை செய்கிறவர்கள் பதறிப்போய்க் குதிப்பார்கள், அவர்கள் மேலும் அடுத்த சரிவு விழும். இல்லையென்றால் பக்கத்தில் நிற்கிற ஜேசிபியை விட்டுத் தோண்டுவார்கள். 2022 ஜூனில் மதுரை விளாங்குடியில் பாதாள சாக்கடைப் பள்ளத்தில் புதைந்த தொழிலாளியை அப்படித் தோண்டப்போய், உடலைக்கூட முழுதாக மீட்க முடியவில்லை. அதைப் படித்த பிறகும் எந்தத் தெருவில் முட்டு வந்தது?

கான்கிரீட் போட்டால் க்யூப் எடுத்து உடைத்துப் பார்க்கிறோம். கம்பி கட்டினால் இடைவெளியை டேப் வைத்து அளக்கிறோம். முட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பள்ளத்தை மூடிவிட்டால் முட்டு இருந்ததா இல்லையா என்று சொல்ல ஒரு தடயமும் மிஞ்சாது. எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், ஆழம் எழுதி, பெருக்கி, முழு ரேட்டுக்கும் பில் பாஸாகிவிடும். முட்டுக்கான காசு மேலேயே நின்றுவிடும். கீழே வருகிற சப்-கான்ட்ராக்டருக்குத் தோண்டுகிற கூலி மட்டும்தான். தெரு குறுகல், முட்டு வைக்க இடமில்லை என்பார்கள். குறுகலான பள்ளத்துக்குத்தான் முட்டு சுலபம், இரண்டு பக்கமும் பலகையை நிறுத்தி நடுவில் குறுக்குக் கட்டை கொடுத்தால் ஒன்றை ஒன்று தாங்கும். மண்ணைத் தள்ளிப் போட இடமில்லை என்பது உண்மைதான். அப்படியானால் டிப்பரில் அள்ளிக்கொண்டு போய், மூடும்போது திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்குச் செலவாகும், அவ்வளவுதான் விஷயம்.

மழைக்காலம் வந்தால் அதே குவியல் அடுத்த கேட்டைச் செய்கிறது. கரைந்து ஓடி, பக்கத்திலேயே லட்சம் லட்சமாகக் கொட்டிக் கட்டிய மழைநீர் வடிகாலை அடைத்துக்கொள்கிறது. பிறகு தூர் வார இன்னொரு டெண்டர். குவியல் மேல் ஒரு தார்ப்பாய், அடியில் இரண்டு வரிசை மணல் மூட்டை, தெருத் தண்ணீர் பள்ளத்துக்குள் இறங்காமல் சுற்றிலும் ஒரு சின்ன வரப்பு, இவ்வளவு போதும். வயலில் மடை கட்டத் தெரிந்தவர்கள்தான் இந்த வேலைக்கே வருகிறார்கள், சொன்னால் ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார்கள். சொல்ல ஆள் இல்லை. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில், கட்டடத்துக்காகத் தோண்டிய சுமார் ஐம்பதடிப் பள்ளத்தின் ஓரம் சரிந்து, இரண்டு உயிர் போயிற்று. தண்ணீரை இறைத்து உடல்களை வெளியே எடுக்கவே நாள் கணக்கில் ஆனது. புயல் வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிவிப்பு இருந்தது.

மலையில் இன்னும் மோசம். 2009 நவம்பரில் நீலகிரியில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி, மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். இன்று அங்கே ஜேசிபி ஓட்டவே கலெக்டர் அனுமதி வேண்டும். ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் மலையைச் செங்குத்தாக வெட்டுவதும், தடுப்புச் சுவர் கட்டுவதற்காக வெட்டின இடத்திலேயே மண் சரிந்து ஆட்கள் புதைவதும் நிற்கவில்லை. மேலே ஒரு வாய்க்கால் வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்பாமல், சுவரில் நீர் கசிய ஓட்டை விடாமல், எத்தனை கனத்தில் சுவர் கட்டினாலும் அது தள்ளிக்கொண்டுதான் வரும்.

நான் கேட்பது புதிதாக எதுவும் இல்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் பலகை முட்டு தனி அயிட்டம், சதுர மீட்டரில் அளந்து தனியாகப் பணம் கொடுக்கிறார்கள். நம் எஸ்டிமேட்டிலும் அதை மண் ரேட்டிலிருந்து பிரித்துத் தனி வரியாக எழுதுங்கள். போட்ட சதுர மீட்டருக்குக் காசு, போடாவிட்டால் கிடையாது. மூடுவதற்கு முன்னால் தேதியும் இடமும் பதிந்த போட்டோ எம்-புக்கோடு சேர வேண்டும். ஏணியும் முட்டும் நிற்பதை உதவிப் பொறியாளர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த முப்பது மீட்டரைத் தோண்டலாம் என்று துறை ஒரு சுற்றறிக்கை விடட்டும். இதற்குச் சட்டசபை கூட வேண்டாம், தலைமைப் பொறியாளர் ஒருவர் மனது வைத்தால் வருகிற வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே செய்துவிடலாம்.