பிள்ளைக்கு முதல் தொலைநோக்கி

நத்தார்க் காலம் நெருங்கியதும் தொலைநோக்கி ஒன்று வேண்டுமெனக் கேட்கும் பிள்ளைகள் இலண்டனில் வாழும் நம்மிடையே பலர் உளர். அறிவை நாடும் அவ்விருப்பம் போற்றுதற்குரியது. ஆயின், வாங்கிய சில வாரங்களுள் அக்கருவி அலுமாரிக்குள் ஒதுங்கிவிடுவதையும் காண்கின்றோம். பிள்ளைக்குப் பொறுமை இல்லையென நாம் குறைகூறுகின்றோம். பெரும்பாலும் பிழை பிள்ளையிடத்தன்று. நமது தெரிவிலேயே உள்ளது.

மலிவான கருவிகளின் பெட்டியில் “525 மடங்கு” எனப் பெரிதாக அச்சிட்டிருப்பர். 700 மில்லிமீற்றர் குவியத்தூரத்தை 4 மில்லிமீற்றர் கண்வில்லையால் வகுத்தால் 175. அதனை மும்மடங்காக்கும் வில்லையொன்றைச் சேர்த்தால் 525. கணக்குச் சரியே, காட்சிதான் மங்கிக் கலங்கிவிடும். தொலைநோக்கியின் ஆற்றல் அதன் முதன்மை வில்லையின் அல்லது ஆடியின் விட்டத்திலேயே தங்கியுள்ளது. விட்டம் இருமடங்கானால் திரளும் ஒளி நான்கு மடங்காகும். மில்லிமீற்றரில் அளந்த விட்டத்தின் இருமடங்கே பயன்தரும் பெருக்கத்தின் எல்லை எனலாம். 76 மில்லிமீற்றர் ஆடிக்கு அது ஏறத்தாழ 150 மட்டுமே. 1610ஆம் ஆண்டு சனவரியில் வியாழனின் நான்கு நிலாக்களைக் கலிலியோ கண்டது ஏறத்தாழ 20 மடங்கு பெருக்கிய கருவியினாலன்றோ!

ஆடும் முக்காலியும் பிள்ளையின் ஆர்வத்தைக் கெடுக்கும். ஆதலின் 100 முதல் 130 மில்லிமீற்றர் வரை விட்டமுள்ள ஆடியும், மேசைமேல் வைத்துக் கையால் திருப்பத்தக்க உறுதியான தாங்கியும் கொண்ட கருவியைத் தெரிதல் நன்று. நிலாவின் குழிகளும் சனியின் வளையமும் அதில் தெளிவாய்த் தெரியும். எக்கருவியாயினும் அதனைச் சூரியன் பக்கம் திருப்பலாகாது. கணப்பொழுதில் பார்வை பறிபோகும்.

எனினும் நமது கருத்து யாதெனில், தொலைநோக்கிக்கு முன்னர் பிள்ளைக்கு வானம் பழக வேண்டும் என்பதே. அதற்கு வெறுங்கண்ணும், 10 மடங்கு பெருக்கும் 50 மில்லிமீற்றர் பைனாகுலரும், அருகில் நிற்கும் தாய் தந்தையரும் போதும்.

நம்மில் பலர் திருமணத்தன்று அருந்ததி பார்த்தோம். பட்டப்பகலில், குருக்கள் காட்டிய திசைநோக்கித் தலையாட்டினோமேயன்றி விண்மீனைக் கண்டோமில்லை. அன்று காணாததை இன்று பிள்ளையுடன் காணலாம். சப்தரிஷி மண்டலத்தின் ஏழு மீன்களும் இலண்டன் வானில் ஒருபோதும் அடிவானின்கீழ் மறைவதில்லை. அதன் வாலிலுள்ள மூன்று மீன்களுள் நடுவிலிருப்பது வசிட்டர். அதனை ஒட்டி மங்கலாய் ஒளிர்வது அருந்ததி. பைனாகுலரில் இரண்டும் நன்கு பிரிந்து தோன்றும். பின்னர் தொலைநோக்கியிற் பார்த்தால் வசிட்டரே இருமீன்களாய்ப் பிரிவார்! கார்த்திகையும் திருவாதிரையும் பஞ்சாங்கச் சொற்கள் மட்டுமல்ல, குளிர்கால இரவில் கைநீட்டிக் காட்டத்தக்கவை என்பதையும் பிள்ளை அப்போது அறியும்.

பெற்றோரே, பணம் கொடுத்தால் கருவி கிடைக்கும். குளிரில் பிள்ளையுடன் அரைமணி நேரம் நிற்பதற்கு நம் மனமே வேண்டும். மாணவச் செல்வங்களே, வானம் தெளிந்த முதலிரவிலேயே அம்மாவையும் அப்பாவையும் வெளியே அழைத்து வாருங்கள். அருந்ததியை அவர்களுக்கு நீங்கள் காட்டுங்கள்.