கம்மந்தான் கான்சாகிபு: நாம் சொல்லாமல் விடும் பாதி

விடுதலைப் போரில் இசுலாமியர் ஆற்றிய பங்கு குறித்துப் பேசப்படும் மேடைகளில் கம்மந்தான் கான்சாகிபுவின் பெயர் ஒலிக்காத மேடை அரிது. கம்பெனியை எதிர்த்து மதுரைக் கோட்டையில் நின்றார், 1764 அக்டோபர் 15-இல் தூக்கிலிடப்பட்டார், சம்மட்டிபுரத்தில் அடக்கமாகியுள்ளார். இந்த அளவிலே கைதட்டல் எழுகின்றது. பேச்சாளரும் திப்பு சுல்தானுக்குச் சென்றுவிடுகின்றார். கூறியவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆயினும் கடம்பூரிலிருந்தும் கயத்தாற்றிலிருந்தும் வந்து நம் வகுப்பறைகளில் அமரும் மாணவர் இதனைக் கேட்கையில் அவர்தம் உள்ளத்தில் என்ன எழும் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

அக்கரிசல் மண்ணில் கான்சாகிபு என்ற பெயருக்கு வேறொரு நினைவு உண்டு. கட்டாலங்குளத்து அழகுமுத்துக்கோன் கம்பெனிக்கு வரி கட்ட மறுத்துப் போரிட்டதும், அவரும் அவர்தம் தளபதியரும் பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டதும் அவ்வட்டாரத்தார் வழிவழியாகச் சொல்லிவருவன. அந்தப் படையை நடத்தி வந்தவர் கான்சாகிபு என்பதும் அதே மரபு கூறும் செய்தியே. மேற்கே நெற்கட்டும்செவலில் பூலித்தேவரின் கோட்டைகள் 1761-இல் வீழ்ந்தன. அவற்றை வீழ்த்தியவரும் அவரே. அதற்கு முன்னர் 1755-இல் கர்னல் ஹெரான் பெரும்படையோடு வந்து நெற்கட்டும்செவலைப் பிடிக்க மாட்டாது திரும்பினார். வெள்ளைத் தளபதிக்குக் கைகூடாத செயலை முடித்துக் கொடுத்தவர் இந்நாட்டுத் தளபதி. நம் மேடைகள் விழுங்கிவிடும் பாதி இதுதான்.

இராமநாதபுரம் சீமையின் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்து, இசுலாத்தைத் தழுவி யூசுபுகான் ஆனவர் என்பது பலரும் ஏற்கும் வரலாறு. கம்பெனியின் சிப்பாய்ப் படையில் சேர்ந்து, திருச்சிராப்பள்ளி முற்றுகைக் காலத்தில் லாரன்ஸின் நம்பிக்கையைப் பெற்று, சிப்பாய்களுக்கெல்லாம் தலைவராக உயர்ந்தார். பிரெஞ்சுத் தளபதி லாலி 1758-இல் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று அவருடைய உணவு வழிகளை அறுத்தவர் இவரே. மறு ஆண்டே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரிக்குத்தகை அவர் கைக்கு வந்தது.

அதன் பின்னர் வந்த சில ஆண்டுகளே அவர் வாழ்வின் சிறந்த பகுதி என்பது எம் எண்ணம். ஏரி குளங்களைச் செப்பனிட்டார்; நெசவாளருக்கு முன்பணம் அளித்தார்; மீனாட்சியம்மன் கோயிலுக்கு உரிய நிலங்களை மீட்டுக் கொடுத்தார். போர்க்களத்தைவிட இப்பணிகளாலேயே மதுரை மக்கள் அவரை மறவாதிருந்தனர் என்று சொல்லலாம். ஊரில் இன்றும் கான்சாமேட்டுத் தெரு உண்டு, நா. வானமாமலை பதிப்பித்த ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடலும் உண்டு. (திரைப்படத்தார் 1997-இல் இக்கதையைத் தொடங்கி, இங்கிலாந்து அரசியை அழைத்து விழா எடுத்தனர். படம் வந்தபாடில்லை!)

சீமை செழித்தது; வரி பெருகியது; ஆற்காட்டு நவாபு முகமதலிக்குக் கண் உறுத்தியது. கான்சாகிபு தமக்குக் கீழ்ப்பட்ட குத்தகைக்காரர் என்றார் நவாபு. கம்பெனியும் நவாபுவின் பக்கமே சாய்ந்தது. கான்சாகிபு பணிய மறுத்தார். 1763-இல் மதுரை முற்றுகையிடப்பட்டது. மழைக்காலம் வந்து கம்பெனிப் படை பின்வாங்கிற்று. அடுத்த ஆண்டு மீண்டும் வந்தது. 1764 சூன் மாதத் தாக்குதலில் மேஜர் பிரஸ்டனைப் பலிகொடுத்தும் கோட்டைக்குள் நுழைய இயலவில்லை. ஆங்கிலேயர் கற்றுக்கொடுத்த போர்முறையை அவர்களுக்கே திருப்பிக் காட்டிய தளபதியை வெளியிலிருந்து வெல்ல இயலாது போகவே, பசியும் துரோகமும் உள்ளிருந்து வென்றன. பிரெஞ்சுக்காரர் மார்ச்சந்தும் திவான் சீனிவாசராவும் பிறரும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கொடுத்தனர்.

இதனை விடுதலைப் போர் எனலாமா என்று கேட்போர் உண்டு. தம் ஆட்சியைக் காத்துக்கொள்ளவே அவர் போரிட்டார் என்பர். அங்ஙனமாயின் பூலித்தேவர் காத்தது எதனை? தம் பாளையத்தை அல்லவா? தேசம் என்ற இன்றைய எண்ணத்தை இருவர் தலையிலும் ஏற்ற வேண்டா. கம்பெனியின் ஆணை இம்மண்ணில் செல்லாது என்று வாளெடுத்தவரை விடுதலைப் போரின் முன்னோடி என அழைப்பதாயின், 1763-ஆம் ஆண்டு முதல் கான்சாகிபு அப்பெயருக்கு உரியவர். அதற்கு முந்திய ஆண்டுகளில் அவர் கம்பெனியின் வலக்கை. அதே அளவுகோலால்தான் இதனையும் சொல்கின்றோம். பாளையங்களை நொறுக்கிய காரணத்தால், தமக்கு நெருக்கடி வந்தபோது தோள்கொடுக்கத்தக்க துணைவரை அவரே முன்னமே அழித்திருந்தார் என்பதும் எம் கருத்து.

இது கூறின் சமயப் பகை கிளறப்படுமோ எனச் சில பெரியோர் அஞ்சலாம். அவ்வச்சத்தை வரலாறே போக்குகின்றது. கான்சாகிபுவை எதிர்த்துப் பூலித்தேவரோடு அணி சேர்ந்தவர்களுள் நவாபுவின் தமையன் மாபூசுகான் இருந்தார். நபிகான் கட்டக் இருந்தார். கான்சாகிபுவைத் தூக்கிலிடச் செய்தவரும் ஓர் இசுலாமிய நவாபுவே. அவர் பேணியதோ மீனாட்சியம்மன் கோயில். இப்போரில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதைச் சமயத்தைக் கொண்டு கணிக்க முயல்வோர் முதல் பக்கத்திலேயே தடுமாறுவர். பாதிக்கதை சொல்லும்போதுதான் அவர் ‘நம்மவர்’ என்றும் அழகுமுத்துக்கோன் ‘அவர்களுடையவர்’ என்றும் பிரிவினை உண்டாகின்றது. முழுக்கதை இரு சாராருக்கும் சற்றே கசக்கும். ஆயினும் ஒரே பலகையில் அமர்ந்து இருவரும் அதனைப் படிக்கலாம்.

எனவே தமிழ்த்துறையாரிடம் எம் வேண்டுகோள் ஒன்று. வரலாற்றுச் சுற்றுலா எனின் சம்மட்டிபுரத்துத் தர்காவோடு நிறுத்திக்கொள்ள வேண்டா. மறுநாள் தொடர்வண்டியில் கடம்பூர் சென்று இறங்குவோம். அங்கிருந்து கட்டாலங்குளத்து மணிமண்டபத்துக்கும், அப்பால் நெற்கட்டும்செவலுக்கும் செல்வோம். அவ்வூர்ப் பெரியவர்கள் கான்சாகிபுவைப் பற்றிச் சொல்வதை, குறுக்கே பேசாது, நம் மாணவர் குறிப்பேட்டில் எழுதி வரட்டும். திரும்பும்போது கடம்பூர் போளி வாங்கிவர மறவாதீர்!