தலைவர் கொலூனா

உதைபந்து என்று பேச்செடுத்தால் போதும், நம் விடுதி நண்பர்கள் யூசேபியோவின் பெயரைச் சொல்லிப் பூரிக்கிறார்கள். பூரிக்கட்டும். 1966 உலகக் கோப்பையில் 9 கோல் போட்டவரல்லவா! ஆனால் அந்தப் போர்த்துக்கல் அணிக்குத் தலைவர் யார் என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. நானும் நடுக்களத்தில் ஆடுபவன். ஆகையால் இது கொஞ்சம் சொந்தக் கோபமும்தான்.

மாரியோ கொலூனா, மொசாம்பிக்கில் பிறந்தவர். 1954-ல் லிஸ்பனிலுள்ள பென்பிக்கா கழகத்துக்கு வந்தபோது முன்னணி ஆட்டக்காரர். பயிற்சியாளர் ஓட்டோ குளோரியா அவரை நடுக்களத்துக்கு இழுத்துக்கொண்டார். 1961, 1962 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டங்கள் இரண்டிலும் கோல் போட்டார். கோப்பை இரண்டும் பென்பிக்காவுக்கே. 1963 இறுதியாட்டத்தில் அவர் காயமுற்றார். மாற்று ஆள் இறக்க அந்நாளில் விதியில்லை. மிலான் 2-1 என்று வென்றது. நடுக்களம் நொண்டினால் என்னாகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தம் மண்ணை அடிமைகொண்ட நாட்டின் கொடியின்கீழ் ஆடினாரே என்று ஒரு நண்பர் குறை சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. ஆண்ட நாட்டின் அணியே ஆளப்பட்ட மண்ணின் மைந்தர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஆடியது சிறிய காரியமா? 1975-ல் மொசாம்பிக் விடுதலை பெற்றது. பின்னாளில் அந்நாட்டு உதைபந்துச் சம்மேளனத்துக்கே அவர் தலைமை தாங்கினார். 2014 பிப்ரவரியில் மாபுட்டோவில் காலமானார். யூசேபியோ மறைந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.