கனகசெட்டிக்குளத்தோடு முடிந்துவிடும் உரிமம்

தாம்பரத்திலிருந்து கடலூருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் காரில் போகிறவர், மரக்காணம் தாண்டிச் சற்று நேரத்தில் கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரிக்குள் நுழைகிறார். காலாப்பட்டு கடந்ததும் மறுபடி தமிழ்நாடு: முதலியார்சாவடி, கோட்டக்குப்பம். முத்தியால்பேட்டையில் மீண்டும் புதுச்சேரி. நகரத்தைத் தாண்டி, அரியாங்குப்பம் வழியாக முள்ளோடை போய்ச் சேர்ந்தால் திரும்பவும் தமிழ்நாடு. பெட்ரோல் விலையும் மதுக்கடைப் பலகைகளும் மாறுவதைத் தவிர, மாநிலம் மாறிய உணர்வே பயணிக்கு இருக்காது. ஆனால் அவர் காரில் ஒரு .32 ரிவால்வர் இருந்து, அதற்கான உரிமத்தில் தமிழ்நாடு என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த ஒரே பயணத்தில் அவர் இரண்டு முறை சட்டத்துக்கு வெளியே போய் இரண்டு முறை உள்ளே திரும்பியிருக்கிறார்.

நம்மூரில் ரிவால்வர் வைத்திருப்பவர் எத்தனை பேர், இதற்கொரு தலையங்கமா என்று கேட்கலாம். தென்சென்னைப் புறநகரில் இந்தக் கேள்வி அவ்வளவு அந்நியமானதல்ல. தாம்பரம் விமானப்படைத் தளம், பறங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாதெமி ஆகியவற்றைச் சுற்றி முன்னாள் படையினர் நிறையப் பேர் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் நகைக்கடைக்காரர்கள், நிலத்தரகில் பெரும்பணம் புரட்டுகிறவர்கள், போட்டிகளில் சுடும் இளைஞர்கள் என்று உரிமம் கேட்பவர்களும் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். 2020 ஜூலையில் திருப்போரூர் அருகே செங்காடு கிராமத்தில் நிலத் தகராறு துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, அத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரே கைதானது நினைவிருக்கும். முந்தைய தலைமுறைக்கோ, இந்தப் பக்கம் கைத்துப்பாக்கி என்றாலே எம்.ஜி.ஆர். சுடப்பட்ட 1967 ஜனவரி 12ஆம் தேதியும் இராமாவரம் தோட்டமும்தான். அந்த வழக்கை விசாரித்ததும் செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம்தான்.

நாம் கேட்பது இதுதான். தற்காப்புக்கென்று வாங்கிய கைத்துப்பாக்கி மாநில எல்லையைத் தாண்டுவது விதிவிலக்காகவே இருக்க வேண்டும். உண்மையான தேவை உள்ளவருக்கு, எந்த வழியாக, எந்தத் தேதிவரை என்று குறிப்பிட்ட பயண அனுமதி சில நாள்களுக்குள் எழுத்தில் கிடைக்க வேண்டும். அனுமதி பெற்றவர் அமைச்சராக இருந்தாலும் சரி, ஓய்வுபெற்ற சுபேதாராக இருந்தாலும் சரி, துப்பாக்கி காரில் தோட்டா நிரப்பாமல், பூட்டிய பெட்டியில், தோட்டாக்கள் தனியே என்ற முறையில்தான் போக வேண்டும். இதை ஊகத்துக்கு விடாமல் விதியாகவே எழுத வேண்டும்.

இப்போது நிலைமை எப்படி? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் அடிப்படை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள் வைத்திருக்கலாம்; உரிமத்தின் ஆயுள் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீண்டிருக்கிறது. உரிமம் எந்த நிலப்பரப்பில் செல்லுபடியாகும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். சிலருக்கு மாவட்டம், சிலருக்கு மாநிலம், வெகு சிலருக்கு இந்தியா முழுவதும். அகில இந்திய அனுமதிக்கு உரியவர்கள் என்று மத்திய உள்துறை 2010இல் வகுத்த பட்டியலில் மத்திய அமைச்சர்கள், எம்.பி.க்கள், படையினர், அகில இந்தியப் பணி அதிகாரிகள், விளையாட்டு வீரர்கள் போன்றோர் இருக்கிறார்கள். சேலையூர் நகைக்கடைக்காரர் அதில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்பதே நம் கருத்து.

சிக்கல் எல்லை மீறிய பிறகுதான் தொடங்குகிறது. உரிமத்தில் சொன்ன பரப்பைத் தாண்டியவர், உரிம நிபந்தனையை மீறியவரா? அப்படியானால் 30ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இல்லை, அந்த மண்ணில் அவர் உரிமமே இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தவரா? அப்படியானால் 25ஆம் பிரிவு. ஆண்டுக் கணக்கில் சிறை. இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இதை முதலில் தீர்மானிப்பவர் நள்ளிரவில் தடுப்பு வைத்து வாகனத் தணிக்கை செய்துகொண்டிருக்கும் ஒரு எஸ்.ஐ. உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்ததாக வழக்குத் தொடர மாவட்ட நடுவரின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 39ஆம் பிரிவு. நல்ல பாதுகாப்புதான். ஆனால் அந்தக் கோப்பு மேசைக்கு வருவதற்குள் காரும் துப்பாக்கியும் ஸ்டேஷனில், உரிமதாரர் சிறையில்.

மாநில எல்லை வரை போவானேன், நம் மாவட்ட எல்லைகளே நகர்ந்துகொண்டிருக்கின்றன. கூடுவாஞ்சேரியில் 2018இல் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கென்று உரிமம் வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2019 நவம்பர் 29 அன்று அவர் வீடு செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விட்டது. 2022 ஜனவரி 1 அன்று தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் தொடங்கியபோது கூடுவாஞ்சேரி அதன் எல்லைக்குள் வந்தது. காவல் ஆணையர் உள்ள பகுதியில் மாவட்ட நடுவர் என்றால் ஆணையரே என்று ஆயுதச் சட்டத்தின் வரையறை சொல்கிறது. மனிதர் வாசற்படி தாண்டவில்லை. அவருடைய உரிமத்துக்குப் பொறுப்பான அலுவலகம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு ஆணையரகம் தானாகவே ஒரு கடிதம் அனுப்பி, பழைய உரிமத்தில் பரப்பு திருத்தப்பட்டதா என்று கேட்டு முடித்திருக்க வேண்டும். அதற்குத்தானே ஒவ்வொரு உரிமதாரருக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் கொடுத்தார்கள்?

எல்லை மட்டுமல்ல, எடுத்துச் செல்லும் முறையும் சிக்கல்தான். நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான கருணாஸ் 2024 ஜூன் 2 அன்று திருச்சிக்குப் போக மீனம்பாக்கம் விமான நிலையம் வந்தபோது, அவருடைய கைப்பையில் 40 தோட்டாக்கள் இருந்ததைப் பாதுகாப்புப் படையினர் கண்டுபிடித்தார்கள். அவரிடம் துப்பாக்கி உரிமம் இருந்தது. அவசரத்தில் பையைக் கவனிக்காமல் எடுத்து வந்துவிட்டதாக அவர் விளக்கம் சொல்ல, ஆவணங்களைப் பார்த்து அனுப்பிவைத்தார்கள். ஆயுதம் தன்னிடம் இருப்பதை அறிந்தே வைத்திருந்தாரா என்பதுதான் குற்றத்தின் உயிர்நாடி என்று உச்ச நீதிமன்றம் 1972இல் குன்வந்த்லால் வழக்கிலும் 1994இல் சஞ்சய் தத் வழக்கிலும் சொல்லியிருக்கிறது. ஆகவே விட்டது தவறில்லை. நமக்கு உறுத்துவது வேறு. உரிமம் உள்ள ஒருவரின் தோட்டாக்கள் எந்தப் பையில் கிடக்கின்றன என்று அவருக்கே தெரியாமல் போக முடிகிறது. விமான நிலையத்தில் எக்ஸ்ரே இருந்தது, தெரிந்தது. அதே பை காரின் பின்சீட்டில் திருச்சிக்குப் போயிருந்தால் பரனூர் சுங்கச்சாவடியில் பாஸ்டேக் மட்டும்தான் கத்தியிருக்கும்.

விமானத்தில் துப்பாக்கி கொண்டுபோக என்ன செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் சொல்ல வேண்டும், உரிமத்தைக் காட்ட வேண்டும், தோட்டாவைக் கழற்றியிருக்க வேண்டும், கையில் அல்ல, சரக்கறைக்குப் போகும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். 50 தோட்டாவுக்கு மேல் கூடாது. மீனம்பாக்கத்தில் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இவ்வளவு ஒழுங்கு. இந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் அதே துப்பாக்கி டாஷ்போர்டில், ஃபாஸ்ட்ஃபுட் ரசீதுகளுக்கும் டயர் பிரஷர் கருவிக்கும் நடுவே படுத்திருக்கலாம். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் வைத்து, முழுவதும் மறைத்து, தன் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்கின்றன 2016 விதிகள். உடம்போடு இருக்கும் துப்பாக்கிக்கு அது போதும். நிறுத்திவிட்டுப் போன காரில் கட்டுப்பாடு யாருடையது?

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். திருவிழா, மத ஊர்வலம், பொதுமக்கள் கூடும் நிகழ்ச்சி, கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்குத் துப்பாக்கியோடு போகக் கூடாது என்பது நெடுங்காலமாக உரிமத்தின் நிபந்தனை. கல்யாணங்களில் கொண்டாட்டத்துக்குச் சுடுவது 2019 திருத்தத்தில் தனிக் குற்றமாகவே ஆகிவிட்டது. சட்டத்துக்குப் பயந்த நம் உரிமதாரர் மண்டபத்துக்குள் துப்பாக்கியைக் கொண்டுபோவதில்லை. டாஷ்போர்டில் வைத்துப் பூட்டுகிறார். பிறகு வாசலில் நிற்கும் வேலட் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு பந்திக்குப் போகிறார். இருபது வயதுப் பையன், மூன்று மாதத்துக்கு முன்பு வேலைக்குச் சேர்ந்தவன், ஒரு ரிவால்வரோடு மேடவாக்கம் சாலையில் இடம் தேடிச் சுற்றுகிறான். அவனுக்கு அது தெரியாது. தெரிந்தால் இன்னும் மோசம். ஒரு நிபந்தனைக்குக் கீழ்ப்படியப் போய், அதைவிடப் பெரிய ஆபத்தை உண்டாக்கிய கதை இது.

துப்பாக்கியை வழிபடும் நாடு என்று நாம் கேலி செய்யும் அமெரிக்காவில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தெளிவு இருக்கிறது. அங்கே 1986ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்க உரிமை உள்ளவர், நடுவே கடுமையான மாநிலம் ஒன்று குறுக்கிட்டாலும் கடந்து போகலாம் என்கிறது. ஆனால் துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். டாஷ்போர்டுப் பெட்டி அந்தக் கணக்கில் சேராது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இவ்வளவு இருந்தும், பென்சில்வேனியா உரிமத்தை நம்பி 2013இல் நியூ ஜெர்சிக்குள் துப்பாக்கியோடு காரோட்டிய ஒரு பெண், வண்டியை நிறுத்திய காவலரிடம் தானே உண்மையைச் சொல்லிக் கைதானார். 2015இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கிய பிறகுதான் அவருக்கு விடிவு. எல்லை தாண்டும் உரிமத்தை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. பெட்டி பற்றிய அந்த ஒரு வரியை எடுத்துக்கொள்ளலாம்.

உரிமதாரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். பீகாரின் முங்கேரிலிருந்து கள்ளத்துப்பாக்கி வாங்கி வருகிறவன் எந்தப் பெட்டியில் பூட்டுகிறான், எங்களிடம் மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி? நியாயமான எரிச்சல். ஆனால் பூட்டாத காரிலிருந்து திருடு போகும் ஒவ்வொரு உரிமத் துப்பாக்கியும் அன்றே கள்ளத்துப்பாக்கியாகிவிடுகிறது. கடற்கரைச் சாலை விடுதிகளுக்கு வெளியே கார்க் கண்ணாடியை உடைப்பவன் லேப்டாப் பையைத்தான் தேடி வருகிறான். ரிவால்வர் கிடைத்தால் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போக மாட்டான். இன்னொரு வாதம், நெடுஞ்சாலையில் வழிப்பறிக்காரர்கள் வந்தால் பூட்டிய பெட்டியில் உள்ள துப்பாக்கி எதற்கு உதவும் என்பது. உதவாதுதான். உயிருக்கு உண்மையிலேயே மிரட்டல் உள்ளவர் காவல் துறையிடம் பாதுகாப்புக் கேட்கட்டும். திருப்பதிக்குக் குடும்பத்தோடு போகும்போது துணைக்கு இருக்கட்டும் என்று எடுத்துச் செல்கிறவர், ஆந்திர எல்லையில் தப்பினாலும் அலிபிரிச் சோதனையில் நிற்கத்தான் வேண்டும். அவருக்கு நாம் சொல்வது ஒன்றே: வீட்டில் பூட்டிவிட்டுப் போங்கள், வீடு பூட்டியிருக்குமானால் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் கட்டணம் கட்டி ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

உண்மையான தேவை உள்ளவர்கள் வேறு. துப்பாக்கி சுடும் தேசியப் போட்டி 2017இல் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் நடந்தபோது தமிழ்நாட்டு வீரர்கள் கேரள எல்லையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அகில இந்தியப் பரப்பு கிடைத்த மூத்த வீரருக்குக் கவலையில்லை. புதிதாக உரிமம் வாங்கிய இருபத்தோரு வயதுப் பெண்ணுக்கு இருக்கிறது. பதவி மாற்றத்தில் போகும் அதிகாரி, பழுதுபார்க்க வெளிமாநிலம் அனுப்ப வேண்டியவர், வீட்டையே மாற்றிக்கொண்டு பெங்களூரு போகிறவர், இவர்களெல்லாம் மாதக்கணக்கில் கோப்புக்குப் பின்னால் அலையக் கூடாது. 1962 விதிகளிலேயே பயண உரிமத்துக்கென்று தனிப் படிவம் இருந்தது. அதைத் தூசி தட்டி, இணையத்தில் விண்ணப்பம், ஏழு நாளில் முடிவு, வாகன எண்ணும் வழித்தடமும் தேதியும் அச்சிட்ட க்யூஆர் சீட்டு என்று மாற்ற மத்திய உள்துறைக்குப் பெரிய செலவொன்றும் ஆகாது. காரின் ஆர்.சி. புத்தகமும் காப்பீடும் செல்போனில் வந்துவிட்ட காலத்தில், அதில் போகும் துப்பாக்கியின் உரிமம் மட்டும் ஏன் மடித்து மடித்துக் கிழிந்த காகிதமாகவே இருக்க வேண்டும்?

டெல்லி அசையும்வரை தாம்பரம் காத்திருக்க வேண்டியதில்லை. புதுச்சேரி காவல் துறையோடு பேசி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இடைப்படும் துண்டு நிலங்களை எப்படி நடத்துவது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு சுற்றறிக்கையைத் தமிழில் வெளியிடலாம். எந்தப் பிரிவில் எப்போது வழக்கு என்பதைத் தணிக்கைச் சாவடிகளுக்குத் தெளிவாக்கலாம். காரில் வைக்கும் பெட்டி பற்றிய நிபந்தனையை உரிமப் புதுப்பிப்பின்போது சேர்க்கலாம். ஐந்தாண்டு காத்திருப்பது அதிகம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமதாரர்களிடம் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம்தான். தேர்தல் முடிந்து திரும்ப வாங்க வரும் நாளில், பூட்டுப் போட்ட பெட்டியைக் கொண்டுவந்து காட்டினால்தான் துப்பாக்கி கைக்கு வரும் என்று ஆணையர் அறிவிக்கட்டும்.