வந்தவர் ஏன் போனார்?

தோழனே!

"தொண்டாற்ற ஆளில்லை, இக்கால இளைஞருக்கு இதயமில்லை" என்று ஊர்தோறும் ஒப்பாரி கேட்கிறது. மாலை வகுப்பு மூடப்பட்டதா? இளைஞர்மீது பழி! படிப்பகத்தில் தூசு படிந்ததா? அதற்கும் இளைஞர்மீது பழி! பழி தூற்றும் பெரியோர்களே, ஒரே ஒரு கேள்விக்கு விடை கூறுங்கள்: வந்தவர் ஏன் போனார்?

வரவேயில்லை என்று வாதாட இடமில்லை. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. பெருந்தொற்று பள்ளிகளைப் பூட்டிய நாட்களில் எழுத்தை மறந்துபோன பிள்ளைகளுக்கு, மாலை வேளையில் பாடம் சொல்ல ஆள் தேடினார்கள். ஏறத்தாழ 2 இலட்சம் பேர் அப்பணியை ஏற்றனர். பெரும்பாலோர் பெண்கள். திங்களுக்கு 1000 ரூபாய் ஊக்கத்தொகை. "காசுக்கு வந்த கூட்டம்" என்று பகடி பேசும் கணக்கர்களே, வகுத்துப் பாருங்கள்! நாளொன்றுக்கு 33 ரூபாய். அந்தக் காசுக்காகவா தன் வீட்டுத் திண்ணையைப் பள்ளிக்கூடமாக்கினாள் அந்தப் பெண்? இல்லை தோழனே, இல்லை! பக்கத்து வீட்டுப் பிள்ளை 'அ'கரத்தை மறந்து நின்றது. அதைக் கண்டு அவள் நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆக, அழைத்தால் வருகிறார்கள். வந்தவரை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களே வாய் கிழியப் பேசுகிறார்கள்.

1991இல் புதுக்கோட்டையில் எழுந்த அறிவொளி இயக்கத்தை எண்ணிப்பார். வீதி நாடகமும் பாட்டும் ஊர் ஊராய்ச் சென்று உறங்கிய உள்ளங்களைத் தட்டி எழுப்பின. நாடகம் எழுதுகிறவன் நான். என் தொழிலின் எல்லையை அறிந்தே சொல்கிறேன். கைதட்டல் ஆளைக் கொண்டுவரும். காத்து நிற்க வைக்காது! காத்து நிற்க வைத்தது பயிற்சி. முதலில் சிலர் கற்றனர். அவர்கள் பலருக்குக் கற்பித்தனர். அந்தப் பலர் ஊர்தோறும் தொண்டர்க்குக் கற்பித்தனர். பெண்கள் மிதிவண்டி ஓட்டப் பழகுவதும் அந்த இயக்கத்தின் பகுதியாயிற்று. கல்லுடைக்கும் பெண் கையெழுத்திட்டாள். கால்நடையாய்த் திரிந்தவள் சக்கரத்தின்மேல் ஏறினாள். ஆனால் என்ன நேர்ந்தது? "முழு எழுத்தறிவு" என்று விழா எடுத்த மாவட்டங்கள் பலவற்றில், விழாவுக்குப் பின் வேகம் தளர்ந்தது. மேடை கலைந்தது, தொண்டரைத் தேடுவாரும் குறைந்தனர். அடுப்பில் விறகு தள்ளாமல் விட்டுவிட்டு, நெருப்பைக் குறை கூறுவதா?

1969 செப்டம்பர் 24இல் நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது. 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். ஆண்டுக்கு 120 மணி நேரத் தொண்டு என்பது அதன் விதி. நல்ல விதிதான். ஆயினும் மணியை மட்டும் எண்ணி மனத்தை மறக்கும் இடத்தில் என்ன விளையும்? சான்றிதழ் விளையும், சான்றோர் விளையார்!

என்ன செய்வது என்கிறாயா? மூன்று சொல்கிறேன்.

முதலாவது, தேர்ந்து சேர். "இளைஞர்களே, திரண்டு வாரீர்" என்று ஒலிபெருக்கியில் முழங்கினால் கூட்டம் வரும், தொண்டர் வரார். "திங்களும் வியாழனும், மாலை 6 மணி, 10 பிள்ளைகள், ஆறு மாதம், உன்னால் முடியுமா?" என்று முகம் பார்த்துக் கேள். வருகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்று விசாரி. பிள்ளைகளை ஒப்படைக்கிறோம், பொதிமூட்டையை அல்ல! போக்சோ சட்டம் 2012இலேயே வந்துவிட்டது. இன்னும் "நம்ம பையன்தானே" என்று கண்ணை மூடுவது கயமை. பிள்ளையோடு எவரும் தனித்திருக்கலாகாது. பெரியவர் இருவர் இருக்கட்டும். வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் வைத்து, அதன்பின்தான் 'தெரிந்து வினையாடல்' வைத்தார். வரிசையை மாற்றாதே!

இரண்டாவது, பழக்கியபின் பணி கொடு. அரை நாள் சொற்பொழிவும் ஒரு பொட்டலம் தயிர்சாதமும் பயிற்சி ஆகா. தேர்ந்தவர் பாடம் நடத்த, புதியவர் அருகிருந்து பார்க்கட்டும். பிறகு புதியவர் நடத்த, தேர்ந்தவர் பார்க்கட்டும். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையை எப்படி அணைப்பது, அழும் பிள்ளையிடம் என்ன கேட்பது, ஐயம் எழுந்தால் யாரிடம் உரைப்பது என்று தெரியாமல் அனுப்புவது, நீந்தத் தெரியாதவரை ஆற்றில் தள்ளுவதாகும்.

மூன்றாவது, வந்தவரைப் பேணு. சுண்ணக்கட்டியும் பேருந்துக் கட்டணமும் அவர் கைக்காசாக இருக்கலாமா? தேர்வு நாளில் அவருக்கு மாற்றாள் கொடு. வாரம் ஒருமுறை உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேள், நீ பேசாதே! நேற்றுக் கற்றவரை நாளை கற்பிப்பவராக்கு. புகைப்படத்தில் தலைவருக்கு நடு இடம், உழைத்தவருக்கு ஓரம் என்ற வழக்கத்தைக் குப்பையில் எறி!

தோழனே! பதிவேட்டில் பெயரெழுத ஒரு நொடி போதும். அந்தப் பெயருக்குரியவரை நிலைநிறுத்த ஓராண்டு உழைக்க வேண்டும். அவர் போய்விட்டால் உன் பதிவேட்டில் ஒரு கோடு விழும், அவ்வளவே. ஆனால் மாலையில் சிலேட்டோடு வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் பிள்ளைக்கு? "நமக்கென்று யாருமில்லை" என்ற பாடத்தை அன்று அது கற்றுக்கொள்ளும். அந்தப் பாடத்தை அழிக்க எந்தத் துடைப்பானும் இல்லை.

வந்தவர் பட்டியலைச் சற்றே கீழே வை. போனவர் பட்டியலை எடு. இந்த வாரமே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டு. "ஏன் வரவில்லை?" என்று அதட்டாதே, "எங்கே தவறவிட்டோம்?" என்று கேள். கதவு திறக்கும்!