வில்லா டியோடாட்டியின் வேலையாட்கள்

பேய்க்கதை என்றதும் முகஞ்சுளிப்பவர்கள் அல்லர் நாம். அச்சம் மனிதனின் மிகத் தொன்மையான உணர்ச்சிகளுள் ஒன்று. அதனைக் கலையாக்குவது இழிவான தொழிலுமன்று. ஆயினும், ஓர் எழுத்தாளரின் சிருஷ்டியைப் பேயின் கணக்கில் வரவுவைப்பதையும், அதே மூச்சில் வேலையாட்களின் உயிரைச் சில்லறைச் செலவாக எழுதித் தள்ளுவதையும் பொழுதுபோக்கென்று கண்டும் காணாமல் விட்டுவிட எம்மால் இயலாது. பி.பி.சி. தொலைக்காட்சி 2020ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் திகதி ஒளிபரப்பிய ‘டொக்டர் ஹூ’ தொடரின் அத்தியாயமொன்று இவ்விரண்டையும் செய்கின்றது. அதனை எழுதியவர் மக்ஸீன் ஆல்டர்டன்.

கதை நிகழும் இடம் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள வில்லா டியோடாட்டி என்னும் மாளிகை. காலம் 1816ஆம் ஆண்டு யூன் மாதம். பைரன் பிரபு, அவரது வைத்தியர் பொலிடோரி, கவிஞர் ஷெல்லியின் துணைவி மேரி, மேரியின் மாற்றாந்தாய் மகள் கிளேர் ஆகியோர் புயலிரவொன்றில் அங்கு கூடியிருக்கின்றனர். ஷெல்லியைக் காணவில்லை. காலத்தைக் கடந்து பயணஞ்செய்யும் டொக்டர் என்னும் பெண்மணியும் அவரது தோழர் மூவரும் மழையில் நனைந்தபடி வந்து கதவைத் தட்டுகின்றனர். பின்னர் நிகழ்வன பேய்வீட்டுக்குரிய சகல அமளிகளும்: எலும்புக்கை ஊர்கின்றது, படியிறங்கியவன் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கின்றான், சுவர்கள் வழிவிடுகின்றன, பின்பு வழிமறிக்கின்றன. திறமையாகவே எடுத்திருக்கிறார்கள், அதனை மறைப்பதற்கில்லை. பைரனின் பகட்டைக் கிளேர் இறுதியில் உதறுகின்ற காட்சி எமக்கு மெத்தவும் பிடித்திருந்தது.

மர்மம் பின்னர் அவிழ்கின்றது. எதிர்காலத்திலிருந்து பாதி மனிதனும் பாதி இயந்திரமுமான போர்வீரன் ஒருவன் வருகின்றான். அவன் தேடுவது திரவ உலோக வடிவிலுள்ள ஓர் அறிவுக் களஞ்சியம். ஏரிக்கரையில் அதனைக் கண்டெடுத்த ஷெல்லியின் உடலுக்குள் அது புகுந்துகொண்டது. வீட்டைப் பேய்வீடாக்கியது அதுவே. மேரியின் கண்முன்னே, தைத்து இணைக்கப்பட்ட முகத்தோடு, அந்த அரைமனிதன் நிற்கின்றான். ‘பிராங்கென்ஸ்டைன்’ நாவலின் வித்து எங்கிருந்து விழுந்தது என்பதை இரசிகர் ஊகித்துக்கொள்வர்.

இங்கேதான் எமது முதலாவது மறுப்பு. கவிஞன் பிறிதொன்றின் அறிவைச் சுமக்கும் பாத்திரம். நாவலாசிரியை கண்ணெதிரே வந்து நின்றதைப் பார்த்தெழுதியவள். கலையைச் சன்னதமாகக் கருதும் பழைய கொள்கை இயந்திரச் சட்டை அணிந்து வந்திருக்கின்றது, அவ்வளவே. இக்கொள்கை புதியதன்று என்பதையும் நாம் அறிவோம். 1935இல் ஜேம்ஸ் வேல் எடுத்த ‘பிராங்கென்ஸ்டைனின் மணப்பெண்’ என்னும் திரைப்படமும் இடிமின்னல் இரவில் இவ்வெழுத்தாளர்களைக் கூடத்தில் இருத்தியே தொடங்கியது. மேரியுமே 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், கதை தமக்கு விழிப்புநிலைக் கனவாய்த் தோன்றியதென எழுதியுள்ளார். ஆனால் அம்முன்னுரையின் மற்றப் பாதியை எவரும் படமெடுப்பதில்லை. கதை கிடைத்ததா என்று காலைதோறும் கேட்கப்பட்டு, காலைதோறும் இல்லையெனச் சொல்ல நேர்ந்த அவமானத்தை அவர் அங்கு பதிந்திருக்கிறார். சூனியத்திலிருந்து எதுவும் சிருஷ்டிக்கப்படுவதில்லை, மூலப்பொருள் முதலிற் கைக்கு வரவேண்டும் என்று அங்கேயே கூறுகின்றார்.

அம்மூலப்பொருள் யாது? பதினெட்டு வயதுப் பெண் அவர். தாய் மேரி வூல்ஸ்டன்கிராப்ட் இவரைப் பெற்ற சில நாட்களிலே மாண்டவர். 1815இல் குறைமாதத்திற் பிறந்த மகளை இவரும் பறிகொடுத்தார். மின்னோட்டத்தாற் பிணத்தை அசைக்கலாமென்பது அந்நாளைய பேச்சு. 1803இல் அல்டினி என்னும் இத்தாலியர் தூக்கிலிடப்பட்ட கைதியொருவனின் உடலில் இதனை இலண்டனிலேயே செய்து காட்டியிருந்தார். இயந்திரமும் அன்று வெறும் உவமையன்று. நெசவுச் சட்டங்களை உடைத்த தொழிலாளருக்கு மரணதண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்தே 1812இல் பைரன் பிரபுக்கள் சபையில் தமது கன்னியுரையை ஆற்றினார். அந்தப் புயல்மழையுங்கூடப் பேயின் வேலையன்று. 1815 ஏப்ரலில் சும்பாவாத் தீவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய புழுதியும் கந்தகமும் வானை மறைத்தமையால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பைரனும் நண்பர்களும் கணப்பருகே பேய்க்கதை படித்துக்கொண்டிருந்த அதே சுவிற்சர்லாந்திலே பயிர் அழுகிற்று. தானிய விலை ஏறிற்று. ஏழைகள் பட்டினியால் வாடினர். தொலைக்காட்சிக்கோ மழை ஒரு திரைச்சீலை.

நிற்க. இதனினும் பாரதூரமான விடயம் ஒன்று உளது. கதையின் உச்சத்திலே தோழர்களுள் ஒருவனான ரயன் நியாயமான கேள்வியொன்றை எழுப்புகின்றான்: கோடானுகோடி உயிரைக் காக்க இந்த ஒருவனை இழந்தால் என்ன? டொக்டர் சீறுகின்றார். ஷெல்லியின் சொற்கள் நூற்றாண்டுகள் தோறும் மனிதரை ஊக்குவிப்பவை. அவர் இன்று மாண்டால் வரலாறே திரிந்துவிடும். நீங்களே பிறவாமற் போகலாம் என்கின்றார். தொடரின் மிகச் சிறந்த உரைகளுள் இதுவும் ஒன்றெனப் புகழ்வோர் உளர். சொல்லுக்கு வலுவுண்டு என்று ஒருவர் திரையில் நின்று முழங்கும்போது, எழுத்தையே நம்பி வாழும் எமக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்தது.

ஆனால் அவ்வுரை நிகழும் நேரத்திலே அவ்வீட்டில் ஏற்கனவே இருவர் கொலையுண்டு கிடக்கின்றனர். ஒருவர் பணியாள் பிளெச்சர். மற்றவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எலீஸ். அரைமனிதன் அவர்களைக் கொன்றது கதையை நகர்த்துவதற்கும் எம்மை நடுங்கவைப்பதற்கும் மட்டுமே. ஒரு கவிஞனின் மரணத்தில் வரலாறு திரியும் என்று தீர்ப்புரைத்த டொக்டரின் தராசிலே இவ்விருவருக்கும் எடைக்கல் இல்லை.

இவர்கள் ஆசிரியரின் கற்பனைப் பெயர்களாயின் ஒருவாறு பொறுத்திருப்போம். பிளெச்சர் என்பவர் பைரனின் உண்மையான பணியாள். எலீஸ் என்ற பெயருடைய சுவிஸ் தாதியை ஷெல்லி குடும்பத்தார் அந்த 1816ஆம் ஆண்டிலேயே வேலைக்கு அமர்த்தினர். பின்னர் இத்தாலியிலும் அவர் அவர்களோடு இருந்தார். இருவரும் அவ்விரவில் மாண்டவர்கள் அல்லர். ஷெல்லிக்கு ஆறு ஆண்டுகள் முந்திச் சாவு வந்தால் வரலாறு இடிந்து விழுமாம். பிளெச்சரையும் எலீஸையும் பெயர் மாற்றாமலே கொன்று தள்ளினால் அதே வரலாறு ஓர் இலையுதிர்ந்த சத்தமுங் கேளாமல் நடந்து போகுமாம்! ஆசிரியர் தெரிந்தே இதனைச் செய்தாரென நாம் குற்றஞ்சாட்டவில்லை. தெரியாமற் செய்ததே எமக்கு அதிக வேதனை தருகின்றது. வேலையாளின் உயிர் வரலாற்றின் வெளியே நிற்பது என்ற எண்ணம் எவ்வளவு ஆழப் பதிந்திருந்தால், அதற்கு நேரெதிரான கருத்தை உரைக்கும் கதையிலேயே அது கண்ணிற்படாமற் போகும்!

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தோழர் கிரஹாமுக்கு அவ்வீட்டிலே பசி. ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் தோன்றி அவருக்குத் தட்டில் உணவு வைத்துப் போகின்றனர். இறுதியில் மர்மங்கள் யாவும் தீர்ந்தபின், அவ்விருவரும் எவர் என்ற கேள்வி மட்டும் எஞ்சுகின்றது. மெய்யான பேய்கள் அவர்கள்தாம் என்பது வேடிக்கை. நாமும் சிரித்தோம், சிரித்துமுடித்த பின்னரே அது உறுத்திற்று. சமைத்துப் பரிமாறும் கைக்கு உடல் கிடையாது, முகவரி கிடையாது. உணவு தானே வருகின்றது.

மேரி எழுதிய நாவலைப் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு காட்சி நினைவுக்கு வரவேண்டும். படைத்தவனாற் கைவிடப்பட்ட அவ்வுருவம் ஏழைக் குடும்பமொன்றின் குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்து வாழ்கின்றது. இரவில் அக்குடும்பத்துக்காக விறகு வெட்டி வாசலிற் குவிக்கின்றது. வீட்டார் யாரோ நல்லாவியின் செயலென்று வியக்கின்றனர். சுவரின் துவாரத்தினூடே கேட்டு அது மொழி பயில்கின்றது. சொத்துப் பங்கீட்டையும் செல்வத்தையும் வறுமையையும் குலப்பெருமையையும் அறிந்து, இவற்றுள் எதுவுமற்ற நான் யாரென்று தன்னையே வினவுகின்றது. அன்பு நாடி ஒருநாள் வெளிப்பட்டபோது அடித்து விரட்டுகின்றனர். விறகு வந்தவரை நல்லாவி, முகந்தெரிந்ததும் பேய். நாவலின் உயிர்நிலை இதுவென்றே நாம் கருதுகிறோம். தொலைக்காட்சியின் அரைமனிதனோ கைவிடப்பட்டவன் அல்லன். விரும்பிச் சென்று இயந்திரமாக முயன்றவன்; பெற்ற பிள்ளைகளைத் தன் கையாலே கொன்றேன் எனப் பெருமை பேசுபவன். அவனிடத்தில் இரக்கம் உளதோவென மேரி தேடுகின்றார், இல்லையென விடை கிடைக்கின்றது. நாவல் கேட்டது படைத்தவனின் பொறுப்பை. இக்கதை அக்கேள்வியைத் தூக்கி எறிந்துவிட்டு, தைத்த முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

குடும்பத்தோடு பார்க்கும் களிப்புநாடகத்துக்கு இத்தனை கணக்கா என்பார் உளர். இலக்கியத்தின் மதிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அக்கதையை நாம் அழைக்கவில்லை. அதுவே முன்வந்து சொல்லிற்று. ஷெல்லியின் சொற்கள் எவ்வாறு வாழ்ந்தன என்பதையும் அது சொல்லியிருக்கலாம். 1819 ஓகஸ்டில் மான்செஸ்டரின் பீற்றர்லூவில், வாக்குரிமை கேட்டுக் கூடியோரைக் குதிரைப்படை வெட்டிச் சாய்த்தபோது அவர் எழுதிய நெடுங்கவிதையை அவரது வாழ்நாளில் அச்சிட எவருந் துணியவில்லை. 1832இலேதான் அது வெளிவந்தது. ‘குயீன் மாப்’ என்னும் அவரது இளமைக்கால நூலை மலிவுப் பதிப்புகளில் வாங்கிப் படித்தவர்கள் சாட்டிஸ்ட் இயக்கத் தொழிலாளர். ஷெல்லியின் சொற்களைச் சுமந்து வந்தவர்கள் பிளெச்சரின் இனத்தவரும் எலீஸின் இனத்தவரும்.

தொலைக்காட்சியிலோ, முடிவில் மழை ஓய்ந்த மாளிகையில் பைரன் கவிதை படிக்கின்றார், சுற்றியிருப்போர் கேட்கின்றனர். மெய்யான பிளெச்சர் 1824 ஏப்ரலில் கிரேக்கத்து மிசோலோங்கியிலே, காய்ச்சலால் மாண்ட எசமானின் படுக்கையருகே இருந்தார். உடலோடு கப்பலேறி இங்கிலாந்து வந்தார். பைரனைப் புதைத்த இடம் ஹக்னல். நெசவுச் சட்டம் உடைத்தவர்களின் நொற்றிங்ஹாம்ஷயரிலே உள்ள ஊர் அது.