அகராதி கொடுப்போம், யாரையும் கையேந்த வைக்காமல்

ஏப்ரல் 14 நெருங்கினால் நம் தெருக்களில் வசூல் தொடங்கிவிடும். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு ஃப்ளெக்ஸ், மைக் செட், மாலை, சாப்பாடு எல்லாம் நடக்கும். அதைக் குறை சொல்லவில்லை. அம்பேத்கருக்கு விழா எடுப்பதே பல ஊர்களில் இன்னும் போராட்டம்தான். அந்த வசூலில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆறாம் வகுப்புக்குப் போகும் நம் தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி வாங்குங்கள் என்பதே என் கோரிக்கை.

ஏன் அகராதி? படித்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சொல் புரியாவிட்டால் அப்பாவையோ அக்காவையோ கேட்கும். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் அந்த ஆள் இல்லை. வகுப்பில் கேட்டால் “இதுகூடத் தெரியாதா?” என்ற பதில் வரும். இரண்டு முறை அதைக் கேட்ட பிள்ளை மூன்றாவது முறை வாய் திறக்காது. சமூகவியலில் இதைப் பண்பாட்டு மூலதனம் என்பார்கள். அகராதி யாரையும் ஏளனம் செய்யாது. செல்போனில் இல்லாததா என்று கேட்பீர்கள். அந்த போன் அப்பாவின் சட்டைப்பையில் காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறது.

1992இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா நகரில், ஆனி பிளம்மர் என்ற கறுப்பினப் பெண் தன் வீட்டருகே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் அகராதிகள் வாங்கிக் கொடுக்கத் தொடங்கினார். பிறகு மற்றவர்களும் பணம் தந்தார்கள். அவரைப் பார்த்து 1995இல் மேரி ஃபிரெஞ்ச் என்பவர் தொடங்கிய அகராதித் திட்டம் இன்று அந்த நாடு முழுவதும் நடக்கிறது. அந்தந்த ஊர்ச் சங்கங்கள் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்கின்றன. தொடங்கியவர் பெரிய பணக்காரர் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் எப்படிக் கொடுக்கிறோம் என்பது முக்கியம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, “ஏழை தலித் மாணவர்களுக்கு உதவி” என்று பேனர் கட்டிப் படம் எடுக்காதீர்கள். முதல் பக்கத்தில் கொடுத்தவர் பெயர் வேண்டாம். அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கட்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா பத்து ரூபாய் போட்டாலும் அவரும் பங்குதாரர்தான். கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே தெரு என்றால் அதற்குப் பெயர் தானம் அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆங்கில அகராதியில் ‘பறையா’ என்ற சொல் இருக்கும். சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர் என்று பொருள் போட்டிருப்பார்கள். தமிழ்நாட்டு மக்களின் பெயர்தான் அப்படி உலகச் சொல் ஆனது. ஒரு பிள்ளை என்றாவது அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது பக்கத்தில் நாம் இருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு வேர் பறை என்ற இசைக்கருவி என்றும், இழிவாகச் சொல்லப்பட்ட அதே பெயரை 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குத் தலைப்பாக வைத்தார் என்றும் அப்போது சொல்ல வேண்டும். சொல்லுக்குப் பொருள் எழுதுகிறவர்கள் யார் என்று கேட்கப் பழகுவதும் படிப்புதான்.

அரசு செய்ய வேண்டியதை நாம் செய்தால் அரசு தப்பித்துவிடாதா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே செய்வோம். ஏப்ரல் 14 அன்று தெருவில் அகராதி கொடுப்போம். மே 1 கிராம சபையில், நம் ஊர்ப் பள்ளியில் நூலகம் எங்கே என்று கேட்டுத் தீர்மானம் போடுவோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் நம் பெற்றோரையும் அதைப் பேச வைப்போம்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. அகராதியைக் கொடுத்துவிட்டு நகராதீர்கள். அகர வரிசையில் ஒரு சொல்லைத் தேடி எடுப்பது எப்படி என்று ஒரு மாலை உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். கோடை விடுமுறையில் வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறை படிந்திருந்தால் திட்டாதீர்கள், அந்தப் புத்தகம் வேலை செய்கிறது.